குப்பைமேனி பூசிய கை

9-11-87, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

பத்து நாளாக எனக்கு விரல் இடுக்கெல்லாம் சொறி. சாயங்காலமானால் அம்மா குப்பைமேனி இலையை உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசுகிறாள். முதலில் எரியும். அப்புறம் அரிப்பு அடங்கும். பச்சைக் கறை போகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஸ்கூல். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. அஸ்தினாபுரம் பூரா பேசும்" என்கிறாள்.

10-11, செவ்வாய்

நோட்டைத் திருத்தும்போது ரத்தினபாய் டீச்சர் சாராளின் விரலைப் பார்த்துவிட்டார். "இது யார்கிட்டேர்ந்து வந்துது?"

என்னிடமிருந்துதான். ஒரே பெஞ்சு. தினமும் கை கோத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவோம்.

நான் கையைப் பாவாடை மடிப்புக்குள் விட்டுக்கொண்டேன்.

"இவ குளிக்கிறதே இல்ல டீச்சர்" என்றாள் ஜெயக்கொடி. எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

சாராளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

12-11

சாராள் வரவில்லை.

19-11, வியாழன்

இன்றைக்கும் வரவில்லை. இனிமேல் வரவே மாட்டாளோ?

ரயில்வே லைன் ஓரம் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர்கள் பூனை என் காலடியில் உருண்டது, வேரை நக்கியது. "இந்த வேர்னா அதுக்கு உசுரு" என்று சாராளின் அம்மா புஷ்பம் ஆன்ட்டி சிரித்தார்.

எப்படி அரைக்கணும், எவ்வளவு உப்பு, காய்ந்ததும் வெந்நீரில் கழுவணும் — கடகடவென்று சொல்லிவிட்டேன்.

"கரெக்டா சொல்றியேம்மா. உங்க வூட்ல யாருக்குப் போட்டீங்க?"

"தம்பிக்கு ஆன்ட்டி."

எனக்குத் தம்பியே கிடையாது. அது சாராளுக்குத் தெரியும். கதவோரம் நின்று என் கையையே பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். ஏண்டி சொல்லல?

22-11

பயமா இருக்கு. நாளைக்குக் கையைக் கழுவக் கூடாது. கழுவவே கூடாது.

23-11, திங்கள்

காலையில் நானே அரைத்துப் பூசிக்கொண்டு, அம்மா பார்ப்பதற்குள் ஓடிவிட்டேன்.

சாராள் வந்திருந்தாள். கடைசி பெஞ்சில், தனியாக.

"ஐயே, இன்னாடி கைல?" என்று ஜெயக்கொடி கத்தினாள்.

"சொறி. மொதல்ல எனக்குத்தான் வந்துது டீச்சர். என்கிட்டேர்ந்துதான் அவளுக்கு."

டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சைக் காட்டினார்.

சாராள் பையை நகர்த்தி இடம் விட்டாள். அவள் விரலிலும் பச்சை. ஒரு பீரியட் முடிந்தது. அப்புறம் போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"தம்பிக்கு எப்படிடி இருக்கு?"