ஜெயா பச்சைத் தண்ணீர் குடிக்காத காரணம்

மரக்காணம்
18-4-75

அன்பு மகள் வசந்தாவுக்கு உன் அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் பிலாயில் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் பக்தவச்சலம் என்று ஒருவன் பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கிறவரை அந்த வார்த்தையை நான் முழு மனதோடு எழுத மாட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் தெரிந்துகொள். உன் மூத்தவள் ஜெயாவுக்கும் இப்போது ஒன்றுமில்லை. இடையில் இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன், பதறாமல் கடைசிவரை படி.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஜெயா பச்சைத் தண்ணீரே குடிப்பதில்லை என்று அம்மா எழுதினாளே, அதற்குப் பதிலாக என்ன கொடுக்கிறீர்கள், மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழரச பாட்டிலும் பாலில் கலக்கிற மாவும் பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். தங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் இப்படி இருந்ததில்லை, எல்லாம் அந்த உப்பு ஊரின் குணம் என்று உன் மாமியார் சொன்னதையும் எழுதியிருந்தாய். அதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதிவிட்டாய். உன் கல்யாணத்தன்று அந்த அம்மாள் நம் வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாசலில் துப்பினதை நான் மறக்கவில்லை என்று சமயம் பார்த்துச் சொல். பாட்டிலும் வேண்டாம், மாவும் வேண்டாம்.

ஐப்பசியில் நீ ஜெயாவை இங்கே விட்டுப் போனபோது தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். மாசி மகம் கழித்துத்தான் நிறுத்தினாள். டம்ளரில் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். வெயில் ஏறாத நாளாக இருந்ததால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனியில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் ஒன்றுக்கு எரிகிறது என்று அழுதாள், இரண்டு நாள் காய்ச்சலும் அடித்தது. திண்டிவனத்துக்கு பஸ்ஸில் அழைத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்தார்கள். மருந்தைவிட தண்ணீர்தான் முக்கியம், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், இப்படியே விட்டால் இந்த எரிச்சல் திரும்பத் திரும்ப வந்து உள்ளே கெடுத்துவிடும் என்றார்கள். கலர் சோடா, பழரச பாட்டில், சர்க்கரை கரைத்தது எதுவும் தினப்படிக்கு ஆகாது, பல் போகும், சோறும் இறங்காது, காபியும் டீயும் குழந்தைக்குக் கூடவே கூடாது, பால் இரண்டு வேளை போதும், மோர் நீர்க்கக் கடைந்து கொடுக்கலாம், மற்றபடி தண்ணீருக்கு மாற்று தண்ணீர்தான் என்று சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு இந்த வரிகளைப் படித்துக் காட்டு.

அதன்பிறகு நான் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். நீர்மோர் கொடுத்தேன், குடித்தாள். இளநீர் குடித்தாள், ஆனால் அது தினமும் முடிகிற காரியமில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பு மட்டும் போட்டுக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். சோற்றுக் கஞ்சி குடித்தாள். சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வெல்லம்கூட இல்லாமல் மடமடவென்று குடித்தாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இனிப்புக்கு ஏங்குகிற குழந்தை சீரகத் தண்ணீரை இப்படிக் குடிக்காது. ருசியில் இல்லை விஷயம். கடை வைத்திருக்கிற கண்ணாயிரம் ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தான். உங்க பேத்தி கலர் வாங்க வந்துட்டு, இது எந்தக் கெணத்துத் தண்ணின்னு கேக்குது, பாண்டிச்சேரியிலேந்து வருதுன்னு சொன்ன பிறகுதான் வாயில வெக்குது என்றான். அவள் ஆயா, உன் அம்மா, இடுப்பில் முடிந்து வைத்திருந்த காசு கலருக்குப் போன கதையும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சீரகத் தண்ணீரே போதும் என்று விட்டிருப்பேன், ஆனால் அது வீட்டில்தான் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வறண்ட நாக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் பிடுங்கிக் குடித்துவிடுகிறார்கள். உன்னிடம் வருகிறபோது இரண்டு நாள் ரயிலில் என்ன செய்வாள்.

பக்தவச்சலம் எனக்குச் செய்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நீ மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் சித்தப்பா மகன், என் தோளில் ஏறித் தேர் பார்த்தவன். பாகம் பிரித்தபோது தோப்பையும் அதிலிருக்கிற நல்ல தண்ணீர்க் கிணற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டான், விட்டுக்கொடுத்தேன். அடுத்த பங்குனியிலேயே, உப்பு இறுகி வருகிற நேரத்தில், தன் உப்புப் பாத்திகளின் வழியாக என் பாத்திக்கு உவர்நீர் வருகிற வாய்க்காலை மண் போட்டு அடைத்தான். கரை உடைந்தது, அதனால் அடைத்தேன் என்றான். உடைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் என் பாத்தியில் வெடிப்புதான் விளைந்தது. அன்றைக்குத்தான் ஊர் நடுவில் நின்று, உன் கிணற்றுப் பச்சைத் தண்ணீர்கூட இனி என் வாயில் படாது என்று சொன்னேன். எட்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நம் வீட்டு வேலையாள் பாவாடை ஒரு மைல் நடந்து கோயில் கிணற்றிலிருந்து காவடியில் நமக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

போன வாரம் மத்தியானம் பாத்தியிலிருந்து வந்து உட்கார்ந்தேன். என் சொம்பைக் காணவில்லை. கொல்லையில் போய்ப் பார்த்தால் ஜெயா அதிலிருந்த தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சில நாளாகவே நான் குடிக்கும்போது என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள், விளையாட்டு என்று நினைத்திருந்தேன். வெயிலில் வந்த கோபத்தில் அதட்டிவிட்டேன். குழந்தை சொம்பைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீ குடிக்காத தாத்தா. உன் வாய் புழுத்துப் பூடும்."

யார் சொன்னது என்றேன். நீதான் சொன்ன என்றாள். மாசி மகத்தன்று நம் சொந்தக்காரன் அப்பாவு, பக்தவச்சலத்தின் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைக்கத் தூது வந்தான். அவனிடம் நான், அவன் கிணற்றுப் பச்சைத் தண்ணியைக் குடிச்சவன் என் வீட்டு மனுஷன் இல்லை, குடிச்ச வாய் புழுத்துப் போகும் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த ஜெயா அதைக் கேட்டிருக்கிறாள். நான் தினமும் குடிப்பது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோயில் கிணறு நாலு வருஷத்துக்கு முன்பே உப்பாகிவிட்டதாம். உன் அம்மா பாவாடையிடம் சொல்லி, நான் பாத்திக்குப் போன பிறகு பக்தவச்சலத்தின் கிணற்றிலிருந்து எடுக்க வைத்திருக்கிறாள். ஜெயாவும் பின்னாலேயே போய் வாளிக் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். தாத்தாகிட்ட சொல்லக் கூடாது என்று அவள் வாயையும் கட்டியிருக்கிறார்கள். குழந்தை என்ன செய்யும். ஆயாவையும் காட்டிக்கொடுக்கவில்லை, என் பேச்சையும் மீறவில்லை. நான் பச்சைத் தண்ணீர் என்றுதானே சொன்னேன், அதனால் காய்ச்சினது, கடைந்தது, பிழிந்தது எல்லாம் குடித்திருக்கிறாள். பச்சையாக மட்டும் தொடவில்லை. நான் தினமும் ஒரு குடம் குடிக்கிறேனே, எப்போது என் வாய் புழுக்கும் என்று ஒன்றரை மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடுப்படியிலிருந்து வெளியே வராமலே, நாலு வருஷமா குடிக்கிறீங்க, எந்தப் புழுவும் வரல, உப்புத் தண்ணியில பருப்பு வேகலன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது என்றாள். அவளோடு மூன்று நாள் நான் பேசவில்லை. பாவாடையோடு இன்னும் பேசவில்லை.

குழந்தையிடம் மட்டும் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. கோபத்தில் சொன்னதம்மா, புழு கிழு ஒன்றும் வராது, பார் என்று வாயைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தவள் கடைவாயில் கறுத்துப்போன பல்லைத் தொட்டு, இது இன்னா என்றாள். பூச்சிப் பல் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி சீரகத் தண்ணீரையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். மறுநாள் மறுபடி எரிச்சல், உடம்பு சுட்டது. இனி வாயால் சொல்லி ஆகாது, அவள் கண்ணெதிரே அந்தக் கிணற்றடியிலேயே குடித்துக் காட்டினால்தான் நம்புவாள் என்று தெரிந்துவிட்டது. வசந்தா, உன் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன், எதுவும் எனக்கு இவ்வளவு கசந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் இருக்கமாட்டான் என்று நினைத்தேன். கிணற்றடியிலேயே வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றான். வாங்கண்ணே என்றான், எட்டு வருஷத்தில் முதல் பேச்சு. அவன் பெண்சாதி விருத்தாம்பாள் உள்ளே ஓடி வெள்ளிச் சொம்பைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதை நான் தொடவில்லை. குழந்தையைக் கீழே விட்டு, வாளியை நானே இறக்கி, நானே இழுத்து, கையில் ஏந்திக் குடித்தேன். ஜெயா என் வாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் அவன் குச்சியைத் துப்பிவிட்டு, மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்.

"கோயில் கெணறு உப்பானதுலேந்து இந்தத் தண்ணிதானேண்ணே குடிக்கிறீங்க. அண்ணி கேக்கறதுக்கு முன்னாடியே பாவாடையக் கூப்ட்டு நான்தான் சொன்னேன், அண்ணனுக்குத் தெரியாம எடுத்துனு போடான்னு."

வாய்க்காலை அடைத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். நாலு வருஷம் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறான். ஊரில் ஒருவனிடமும் சொல்லவில்லை. சொல்லிச் சிரித்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது செய்திருப்பேன். குழந்தையைத் தூக்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிறகு இப்படிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் குடிச்சேன். உன் கெணறு வத்துறவரைக்கும் குடிப்பேன், நானும் என் பேத்தியும்."

ஜெயா சட்டென்று கீழே இறங்கிக்கொண்டாள். வாளியில் மீதியிருந்ததில் இரண்டு கையையும் விட்டு அள்ளி அள்ளிக் குடித்தாள். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கி, ஏப்பம் விடும்வரை குடித்தாள். பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, கொஞ்சம் வத்திச்சா தாத்தா என்று கேட்டாள். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் நாங்கள் இருவரும் போகிறோம். பள்ளிக்கூடத்திலும் அந்தத் தண்ணீரைத்தான் பாட்டிலில் எடுத்துப்போகிறாள், மற்ற பிள்ளைகள் பிடுங்கினால் குடிக்கட்டும் என்று கொடுத்துவிடுகிறாளாம், சீக்கிரம் வற்றும் என்று கணக்கு. எரிச்சல் நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு சரியாகிவிட்டது என்றார்கள். இந்தச் சித்திரை வெயிலில் எல்லாக் கிணறும் இறங்குகிறது, அவன் கிணறு மட்டும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அதையும் அவன் திமிர் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவன் மகள் கல்யாணம் வைகாசி பதினொன்றாம் தேதி. நான் போக மாட்டேன். நீயும் வாழ்த்துத் தந்தி எதுவும் அனுப்ப வேண்டாம். விருத்தாம்பாளுக்கு வருஷா வருஷம் பொங்கல் கார்டு போடுகிறாய் என்பது எனக்குத் தெரியும், இந்த வருஷத்தோடு நிறுத்து.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறவரை தாய்ப்பாலைத் தவிர எதையும் மாமியார் பேச்சைக் கேட்டுப் புகட்டாதே. நீயும் நிறையத் தண்ணீர் குடி, பால் கொடுக்கிறவள் வறண்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டதும் ஜெயாவை நானே பிலாயில் கொண்டுவந்து விடுகிறேன். முக்கியமாக ஒன்றை மறக்காதே. அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாளானால் பாட்டிலையும் கலரையும் தேடிக்கொண்டு ஓடாதே, மாமியாரையும் பேச விடாதே. இதுவும் பக்தவச்சலம் சின்னத்தாத்தா தண்ணீர்தான் என்று ஒரு வார்த்தை சொல். மிச்சம் வைக்க மாட்டாள்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ வேண்டும், என்னைப்போல் இல்லாமல்.

உன் அப்பா
அ. தட்சணாமூர்த்தி