இருபத்திரண்டு வரிகளுக்குப் பெரட்டு

இன்று பிள்ளையின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தபோது, றப்பர் புகைக்கூடத்துப் புகை அவற்றில் ஏறியிருந்தது. மறுபடியும் அலச வேண்டுமே என்ற எரிச்சலுக்கு முன்னால் உன் நினைவு வந்து நின்றது. உன் சேலையிலும் எப்போதும் இந்த வாசம்தான். நீ போய் இரண்டு வருஷமாகிறது. இந்த மடலை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும்.

நாம் கல்லூரி முடித்து ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலம் அது. பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வியட்நாமியக் கவிஞர் ஒருவரைப் பற்றி வாசித்துவிட்டு ஓடிவந்தாய். அரசாங்கம் அவர் கவிதைகளைத் தடைசெய்து அவரைச் சிறையில் போட்டது. தாளும் இல்லை, பேனையும் இல்லை. மனதிலேயே கவிதை கட்டி, விடியும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வாராம். விடுதலையான பிறகுதான் எழுதினாராம். அங்கே அச்சிட்டிருந்த ஒரு கவிதையைத் தமிழாக்கினாய். இருபத்திரண்டு வரி. கொழும்புச் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்புவதாக இருந்தோம். என் கையெழுத்து அழகு என்று சொல்லி, கொப்பியையும் சஞ்சிகையையும் என்னிடம் தந்தாய்.

அந்த வாரம்தான் எங்கள் லய வீடுகளைச் சோதிக்க ஆமிக்காரர்கள் வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம். சண்டை நடந்த காலம்; கையால் எழுதிய தமிழைக் கண்டாலே கேள்வி வரும் நாட்கள். சிறை, காவலாளி என்ற சொற்கள் தாளை விட்டு எழுந்து நிற்பதுபோல இருந்தது. கொப்பி, சஞ்சிகை இரண்டையும் அடுப்பில் வைத்தேன். அன்று எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வரவே இல்லை.

உன்னிடம் சொல்ல மூன்று நாள் பிடித்தது.

“அங்க அரசாங்கம் தடை பண்ணுச்சு. இங்க அந்த வேலயக்கூட அவங்களுக்கு வைக்காம நீயே பண்ணிட்டியேடி!”

சிரித்தாய். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மேடேறும்போது, “வா, பெரட்டு எடுப்போம்” என்றாய். காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பதுபோல, வரிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாய். எனக்குப் பாடமாகும்வரை தினமும் அதே வேலை.

“எட்டாவது இன்னைக்கும் வரலடி.”

“லீவு லெட்டர் குடுத்துச்சா?”

“அதத்தான் நீ எரிச்சிட்டியே!”

இருபத்தொரு வரிகள் திரும்பி வந்தன. எட்டாவது வரவே இல்லை. நாமே ஒன்றை எழுதிச் சேர்க்கலாமே என்றேன். “வேணாம். அவரு சொல்லாதத அவரு வாயில வைக்க நாம யாரு?” என்றாய். வந்த மட்டும் எழுதிவைப்போமா என்று கேட்டாய். பிள்ளை பிறக்கட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழிவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வரிகளுக்கு என்னைத் தவிர வேறு இடமில்லை. போத்தல் கழுவும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் கூப்பிட்டுப் பார்ப்பேன். ஒன்று பிந்தினாலும் முதலிலிருந்து தொடங்குவேன்.

போன வாரம் எழுதிவிட்டேன். எட்டாவது வரிக்கு வெற்றிடம் விட்டு, ‘இந்த வரி என் பயத்தால் எரிந்தது’ என்று அடியில் குறித்தேன். தமிழாக்கம் என்ற இடத்தில் உன் முழுப்பெயரைப் போட்டேன்.

“சண்ட முடிஞ்சாலும் செக்கிங் முடியலியே. பேரு எதுக்கு? நமக்குப் பிள்ள இருக்குல்ல?” என்றார் என் வீட்டுக்காரர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி?

சிற்றிதழுக்கு அனுப்பக் கஹவத்தை டவுனுக்குப் போனேன். வழியில் பஸ்ஸை ஆமிக்காரர்கள் மறித்தார்கள். சிப்பாய் ஒருவன் என் பையிலிருந்த தாள்களை எடுத்துப் புரட்டினான்.

“மே மொனவாத?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“கவி.”

“காகேத?” யாருடையது?

தெரியாது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

“மகே யாளுவகே” என்றேன். என் சிநேகிதியுடையது.

வெற்றிடம் விட்டிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாள்களை மடித்துக் கையில் தந்தான்.

பயம் என்னை விட்டுப் போய்விடவில்லை. அதையும் சுமந்துகொண்டுதான், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, உன் பெயரைத் தபாலில் சேர்த்தேன்.