டர்போவைக் கெடுத்த தேங்காய்த் தண்ணீர்

இன்று காலை திருப்பதியில் வாடகைக் காரை விட்டு இறங்கினேன். டிரைவர் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்பா, டீசலு தண்டமா எரியுதே?"

"டர்போ ஆயா. ஓடியாந்த சூட்டோட ஆஃப் பண்ணா உள்ள ஆயில் கருகி பேரிங் பூடும். ரெண்டு நிமிசம் ஓடட்டும்."

இருபது வருடமாக நீ எனக்குச் சொல்லாததை, மாமா, அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். நீயும் ஒரு மெக்கானிக்.

அந்த ரேஸ் எனக்கு மறக்குமா? ரோட்டில் ஓடுகிற கார்களையே டர்போ வைத்துத் திருத்தி ஓட்டுகிற ரேஸ். சிவப்புக் கார் கம்பெனியும் நீலக் கார் கம்பெனியும் முறைத்துக்கொண்டிருந்த காலம். ஞாயிறு ஜெயித்தவன் திங்கட்கிழமை பேப்பரில் விளம்பரம் போட்டு சித்தூர் முழுக்கக் கார் விற்பான். நீ சிவப்புக்காரனின் தலைமை மெக்கானிக். கம்பெனி சட்டை போட்டுவிட்டால் உனக்குக் கால் தரையில் நிற்காது.

ரேஸுக்கு முந்தின நாள் எதிரிகள் இரண்டு பேரும் ஒரே பிள்ளையாரிடம்தான் ரேஸ் கார்களோடு பூஜைக்கு வந்தீர்கள். காணிப்பாக்கம் ரோட்டில் நீலக் கார் முன்னால் போனது. வரிசையில் அவன் முதலில் நிற்பதா என்று விரட்டி முந்தினாய். பக்கத்தில் நான், மடியில் தேங்காய். கோயில் வாசலில் நிறுத்தின கையோடு சாவியைத் திருப்பிவிட்டுக் குதித்தாய். பின்னால் வந்தவன் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"பாரு, அவனுக்கு வண்டிய ஆஃப் பண்ணக்கூட தெர்ல" என்று சிரித்தாய்.

நான் தேங்காய் உடைத்துத் தண்ணீரை முன்சக்கரத்தில் தெளித்தேன். சக்கரத்தில்தான்.

மறுநாள் மூன்றாவது சுற்றில் நம் கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. மேனேஜர் வந்து கேட்டார். நீ என்னைக் கைகாட்டினாய்.

"எம் பொண்டாட்டிதான் சார். பூஜைன்னு சொல்லி எஞ்சின்ல தேங்கா தண்ணிய ஊத்திட்டா."

இரண்டு கம்பெனிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் போட்டி இல்லை.

அதுவரை தெருவில் யார் வீட்டுக்குப் புது வண்டி வந்தாலும் தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு, "அக்கா, நீ கொஞ்சம் உள்ள இரு" என்றார்கள்.

நான் உன்னிடம் ஒன்றுதான் கேட்டேன். "காணிப்பாக்கம் வா மாமா. கொளத்துல முழுவி எழுந்து, எஞ்சின்ல ஊத்தினது நான்னு சத்தியம் பண்ணு. அதுக்கப்புறம் நான் வாய தொறக்க மாட்டேன்."

அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்று சொல்லித்தான் ஊரே பஞ்சாயத்துக்கு அங்கே போகிறது. ஒரு வருடம் உனக்குச் சளி, ஒரு வருடம் முட்டிவலி. சாகும்வரை அந்தக் குளத்துத் தண்ணீர் உன் உடம்புக்கு ஆகவில்லை. தெரியாமல் சொன்னவன் ஏன் பயப்படுகிறான்?

இன்று திரும்பும்போது நானே அங்கே இறங்கினேன். முழுகி எழுந்து, ஈரப் புடவையோடு சாமி முன்னால் நின்று, சக்கரத்தில்தான் தெளித்தேன் என்று சத்தியம் செய்தேன். பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "ஆரும்மா உம்மேல பழி போட்டது?"

உன் பெயர் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். செத்துப்போன புருஷன் என்று தெரிந்தால், "ஐயோ பாவம்" என்பாள். அந்த ஒரு வார்த்தைகூட உனக்குப் போய்ச் சேரக் கூடாது.