ஐந்தாவது தோட்டா

பீச் ரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா
7 நவம்பர் 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். ஹோபர்ட் பெரியப்பாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் அம்மா கத்தமாட்டாள். அதுதான் எனக்குப் பயம். இப்போதெல்லாம் கத்துவதற்கும் அவளிடம் தெம்பில்லை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுகிறாள்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதிலை என் தோழி மிஸ்ஸி வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.

நீதிமன்றம் போட்ட தடையை மீறியாவது மாதக் கடைசியில் நன்றித் திருநாளுக்கு வீட்டுக்குப் போவேன் என்று நீங்கள் பெட்ரோல் பங்கில் சொன்னீர்களாம். மிஸ்ஸியின் அண்ணன் கேட்டிருக்கிறான். அது அம்மாவின் காதுக்கும் வந்துவிட்டது. மறுநாளே ஒரு ரிவால்வர் வாங்கிவிட்டாள். ஐந்து தோட்டா போடுகிற சின்னத் துப்பாக்கி, கையில் எடுத்தால் கனமே தெரியாது. வேலைக்குப் போகும்போது கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்தாளாம்.

நேற்று, அவளோடு வேலை செய்யும் டார்லா எங்களைப் பழைய கல் குவாரிக்குக் கூட்டிப்போனாள். மான் வேட்டைக் காலம் நெருங்குவதால் சுற்றிலும் வெடிச்சத்தம்தான், எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பிப் பலகைமேல் வரிசையாக வைத்தோம். அவற்றுக்கு முன்னால் அம்மா, நீங்கள் விட்டுப்போன பழுப்புக் கோட்டைத் தொங்கவிட்டாள். எதற்கடி கோட்டு என்று டார்லா கேட்டாள்.

"இந்தக் குளிர்ல வெர்லின் இப்படி ஒண்ணதான் போட்டிருப்பான்," என்றாள் அம்மா.

"புதுசா வேற மாதிரி வாங்கியிருந்தா?"

"வெர்லினா? அவன் அச்சு அசல் இதேதான் வாங்குவான்."

துப்பாக்கிக் கடைக்காரர் கொடுத்தது மூக்கில் குழி உள்ள தோட்டா. உள்ளே போனதும் பூ மாதிரி விரியும் என்றாராம். விரியவில்லை. கோட்டின் நூலும் பஞ்சும் அந்தக் குழியை அடைத்துக்கொண்டன. தண்ணீரிலிருந்து குண்டைப் பொறுக்கி எடுத்த டார்லா, காதில் பஞ்சு வைத்த கிழவன் மாதிரி இருக்கிறான் என்றாள். அம்மா சிரிக்கவில்லை. வேறு ரகம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அவள் விளையாடவில்லை அப்பா. வராதீர்கள்.

உங்கள் மகள்
பிரென்னா


ஓஹையோ
12 நவம்பர்

என் குருவிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. மரம் அறுக்கும் மில்லிலிருந்து வந்து, கை கழுவாமலே பிரித்துப் படித்தேன். சொன்னபடி அடுப்பில் போட்டேன், மனசில்லாமல்தான். இங்கே முதுகுவலி, ஹோபர்ட்டின் குறட்டை, டப்பா சூப். வேறு செய்தி இல்லை.

பெட்ரோல் பங்கில் பேசியது வாய்க்கொழுப்பு. அதை நம்பி ஒருத்தி துப்பாக்கி வாங்குவாளா? அந்தக் கோட்டு இன்னும் பத்து குளிர்காலம் தாங்கியிருக்கும். அதைப் போய் சல்லடையாக்கியிருக்கிறாள். கோபமில்லை, வருத்தம்தான்.

அடுத்து என்ன தோட்டா வாங்கினாள் என்று எழுது. அந்தக் கடைக்காரன் பெண்பிள்ளை வந்தால் எதையாவது தலையில் கட்டிவிடுவான். உன் அம்மாவுக்குக் கையில் பலம் எப்போதுமே குறைவு. ஊறுகாய் ஜாடியைக்கூட நான்தானே திறந்து கொடுப்பேன்.

பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

அன்புடன்
அப்பா


பீச் ரிட்ஜ்
17 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

தோட்டாவைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். பதில் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்பதற்கு வேறு ஆள் எனக்கில்லை.

கடைக்காரர் இந்தத் தடவை கனமான ஈயக் குண்டு வைத்த, வெடிமருந்து அதிகமுள்ள ரகத்தைக் கொடுத்தார். இதை எந்தக் கோட்டும் நிறுத்தாது என்றார். உண்மைதான். கோட்டைத் துளைத்து மூன்று கேனைத் தாண்டிப் போயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவை சுடும்போதும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலு சுட்டதும் தோட்டா இருக்கும் உருளை சுற்றவில்லை. விசையை இழுக்கவே முடியவில்லை. டார்லா அதைப் பலகையில் தட்டித்தட்டித் திறந்தாள். மறுபடி போட்டுப் பார்த்தோம். அப்போதும் அதேதான்.

அம்மா பிடிக்கிற விதம் சரியில்லை, கையை இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்கிறார் கடைக்காரர். அம்மாவும் நம்பிவிட்டாள். "தோட்டா நல்லாத்தான் இருக்கு, என் கைதான் லாயக்கில்ல," என்கிறாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் துப்பாக்கியை வைத்துப் பழகுகிறாள். டிக், டிக் என்று கேட்கும். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

நீங்கள் வரக்கூடாது. அது சிக்கிக்கொள்ளவும் கூடாது. எனக்கு இரண்டுமே வேண்டும் அப்பா. இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பிரென்னா


ஓஹையோ
21 நவம்பர்

என் குருவிக்கு,

அவள் கையில் குற்றமில்லை. துப்பாக்கி இறகு மாதிரி, தோட்டா கழுதை மாதிரி. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் ஈயத் தலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். நாலாவது வெடிக்குள் ஐந்தாவதன் தலை உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு துப்பாக்கியின் சட்டத்தில் இடிக்கும். பிறகு எப்படிச் சுற்றும்?

எந்தத் தோட்டா வாங்கினாலும் நாலு சுட்டுவிட்டு ஐந்தாவதை வெளியே எடுக்கவேண்டும். புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். ஐந்தாவது நீளமாக இருந்தால் அந்த ரகம் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

காகித இலக்கைச் சுடுகிறவர்கள் வாங்குகிற தட்டைத் தலைத் தோட்டா இருக்கிறது. கடைக்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும். உதை குறைவு. குழி இல்லாததால் துணி அடைக்காது. தேவையான ஆழம் போகும். முக்கியமாக, ஐந்தையும் அவளால் சுடமுடியும். யார் சொன்னது என்று சொல்லாதே. பத்திரிகையில் படித்தேன் என்று சொல்.

பார், என்னையே சுடுவதற்கு நானே வழி சொல்லியிருக்கிறேன். இதற்குமேல் என்னை எப்படி நம்பவைப்பது? பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் எந்தெந்த ராத்திரி அவளுக்கு வேலை? நீ தனியாக இருக்கும்போது வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். உள்ளேகூட வரமாட்டேன்.

அன்புடன்
அப்பா


பீச் ரிட்ஜ்
27 நவம்பர்

அப்பாவுக்கு,

பத்திரிகையில் படித்தேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு, டார்லாவைக் கூப்பிடு, குவாரிக்குப் போகலாம் என்றாள்.

பழைய ரகத்தில் நாலு சுட்டு ஐந்தாவதை எடுத்துப் பார்த்தோம். தலை நீட்டிக்கொண்டிருந்தது. வழியில் வாங்கிய தட்டைத் தலைத் தோட்டாவில் நாலு சுட்டுப் பார்த்தோம். ஐந்தாவது அசையவே இல்லை. மறுபடி போட்டு ஐந்தையும் சுட்டாள். ஐந்தும் கோட்டைத் துளைத்தன, மூன்றாவது கேனில் நின்றன. டார்லாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அவன் பேச்சக் கேட்டா இதப் போடப்போற?"

"மத்த எல்லாத்துலயும் பொய் சொல்லுவான். துப்பாக்கி விஷயத்துல மட்டும் சொல்ல மாட்டான்," என்றாள் அம்மா. அங்கேயே ஐந்து போட்டு மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கையில் பலம் எப்போதுமே குறைவு என்று எழுதியிருந்தீர்கள். இல்லை அப்பா. டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவாள், உங்களுக்கே தெரியும். சமையலறைக் கதவில் நீங்கள் அந்தக் கையை வைத்துச் சாத்தினீர்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மணிக்கட்டில் எலும்பைச் சேர்க்க வைத்த தகடு இன்னும் இருக்கிறது. அந்தத் தகட்டுக்கு எந்தத் தோட்டா ஒத்துக்கொள்ளும் என்றுதான் நாங்கள் இத்தனை நாள் தேடியிருக்கிறோம். நீங்களும் அதைத்தான் தேடிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது தெரியவே இல்லை.

எந்த ராத்திரி வேலை என்று சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தது நிஜமான உதவி. அதற்கு நன்றி. ஆனால் அதற்கு விலை கேட்டீர்கள். முன்பும் இப்படித்தான், ஏதாவது வாங்கிக்கொண்டு வருவீர்கள், பின்னாலேயே ஏதாவது கேட்பீர்கள். நான் மிகவும் களைத்துவிட்டேன். வகுப்பில் தூங்கிவிழுகிறேன். இனி எழுதமாட்டேன். மிஸ்ஸி வீட்டுக்கும் அனுப்பாதீர்கள், அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. இன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை, சோபாவில் தூங்குகிறாள். உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் எனக்கு அழுகை வரும், அதனால்தான் எழுதுகிறேன். இப்போது அது ஐந்து தடவையும் சுற்றுகிறது. நன்றித் திருநாளுக்கு வராத மாதிரி இனியும் வரவே வராதீர்கள். ஓஹையோவிலேயே இருந்துகொள்ளுங்கள், ஹோபர்ட் பெரியப்பா குறட்டை விட்டால் விடட்டும், உடம்பைப்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். என் அறைக் கதவு இல்லை, வாசல் கதவு. வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அம்மா எழுந்துவிட்டாள். விளக்குப் போடாமல் நடக்கிறாள். அப்பா, அது நீங்களாக இருந்தால் தயவுசெய்து