துடுப்புக்கு ஒரு சொல்

என்னங்க,

"அந்த நாட்டுக்கு யாராச்சும் போவாங்களா? அங்க என்ன இருக்கு?" என்று நம் டிராவல்ஸுக்கு வருகிறவர்களை எல்லாம் திருப்பி விடுவீர்களே, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். காலையில் பனிமலை, மத்தியானம் மணல்மேடு, நடுவில் பாறைக்குப் பாறை எகிறிக் குதிக்கும் ஓர் ஆறு.

அந்த ஆற்றில் ரப்பர் படகில் போனேன். சத்தியமாக நானேதான்.

படகை நடத்தியவள் ஒரு பெண். துடுப்பை நிறுத்த உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். வாயில் வந்தது "போதும்".

முதல் சுழலில் அவள் "போதும்!" என்று கத்தியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

"இவ்வளவு சட்டுனு யாரும் நிறுத்தினதே இல்ல. எங்க பழகினீங்க?"

"வீட்டில," என்றேன்.

சிரித்தது போதும், பேசினது போதும், படித்தது போதும். வேறெங்கே?

வேகமாகத் துடுப்பு போடவும் ஒரு சொல் கேட்டாள். "இன்னும்" என்று கொடுத்தேன். பெரிய இறக்கத்தில் படகு மொத்தமும் தமிழில் "இன்னும்! இன்னும்!" என்று அலறியது. முன்வரிசையில் நான். தலையோடு கால் நனைந்து, கவிழாமல் வெளியே வந்தோம். தொண்டை கட்டிவிட்டது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்ட கைதானே. "சுத்தினது போதும்" என்று நீங்கள் சொல்வது இங்கே வரை கேட்கிறது. இங்கே அந்தச் சொல்லுக்குத் துடுப்பை நிறுத்து என்று மட்டும்தான் அர்த்தம்.

இப்படிக்கு,
நீங்கள் "ஏய்" என்று கூப்பிடுகிறவள்