இலை மடித்த பக்கம்

பெரம்பலூர்
6-1-2025

அன்புள்ள தங்கை இருசுக்கு,

அண்ணன் பூமாலை எழுதுவது. இங்கே என் வாயைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மச்சானும் முந்திரித் தோப்பும் சுகமா?

ஆறு வருடமாக என் போனை நீ எடுப்பதில்லை. இப்போது எடுத்தாலும் என்னால் பேச முடியாது, அதனால்தான் கடிதம். சனிக்கிழமை டாக்டர் பானுப்ரியா என் கீழ்த்தாடை எலும்பில் நான்கு சின்னத் திருகாணிகளைப் பதித்துவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டதில் வலி தெரியவில்லை. ஆனால் சத்தம் இருக்கிறதே, தாடைக்குள் போர்வெல் போடுகிற மாதிரி! வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் வீங்கியது. என் பையன் வீரமணி லீவு போட்டுவிட்டு எனக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கிறான். இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கை. ஆறின கஞ்சிதான் சாப்பாடு, அதுவும் ஸ்பூனால். இளநீரைக்கூட ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாதாம். முப்பது வருடம் கண்டக்டராக இருந்து, படிக்கட்டில் தொங்குகிறவனை எல்லாம் அதட்டி உள்ளே ஏற்றின வாய் இது. இப்போது பேப்பரில் எழுதிக் காட்டித்தான் தண்ணீர் கேட்கிறேன்.

எலும்பு அந்தத் திருகாணியைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம் ஆகும். அதன் பிறகு பல் செட்டை மேலே வைத்து அழுத்தினால் பிரஸ் பட்டன் மாதிரி பிடித்துக்கொள்ளுமாம். "கறி கடிச்சாக்கூட கழலாதுங்கய்யா" என்றார் டாக்டர். கேட்டதும் உன் நினைப்புதான் வந்தது. புதுப்பல்லால் தின்கிற முதல் கறிச்சோறு உன் வீட்டுச் சோறாக இருக்க வேண்டும். வரட்டுமா?

இப்படிக்கு,
உன் அண்ணன் பூமாலை


ஆண்டிமடம்
20-1-2025

அண்ணன் பூமாலை அவர்களுக்கு,

இருசம்மாள் எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. பொங்கல் வேலையில் பதில் தாமதம்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் சத்யப்பிரியா கல்யாணத்துக்கு மறுநாள், மண்டபத்தில் கறி விருந்து, ஞாபகம் இருக்கிறதா? சம்பந்தி வீட்டார் எதிர் வரிசை. தாய்மாமன் நீங்கள் முதல் பந்தி. பாதிச் சோறுகூட உள்ளே போயிருக்காது, இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி மேல்பக்கமாக மடித்தீர்கள். எழவு வீட்டில் அல்லவா அப்படி மடிப்பார்கள்? நல்ல காரியத்தில் மேல்பாதியை நம் பக்கமாக மடித்தால்தான் உறவு தொடரும் என்று உங்களுக்கு நானா சொல்லித்தர வேண்டும்?

"அண்ணே, எங்க போற, நில்லு அண்ணே"ன்னு ரோடு வரைக்கும் ஓடி வந்தேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினீர்கள். சம்பந்தியம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "தாய்மாமனே எழவு எல மடிச்சிட்டுப் போறாரே, என்னாங்க இது?" கல்யாண வீட்டில் குளியலறைக்குள் போய் அழுதவள் நான்.

இத்துடன் முந்திரிப்பருப்பை இடித்து மாவாக்கி அனுப்பியிருக்கிறேன். கஞ்சியில் கலந்து குடிக்கவும். வைத்தியத்தில் இருக்கிறவருக்குக் கொடுப்பதுதான் இது. உறவு கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இருசம்மாள்


பெரம்பலூர்
2-2-2025

அன்புள்ள இருசுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. முந்திரிமாவுக் கஞ்சி தேவாமிர்தம். கோபப்படாமல் மேலே படி.

அந்த விருந்தன்று என் வாயில் இருந்தது கழற்றி மாட்டுகிற பல் செட். அது உனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. கீழ்ச்செட் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். எலும்பைக் கடித்தேன் பார், கழன்று சோற்றிலேயே விழுந்துவிட்டது. எதிரில் உன் சம்பந்தி. எடுத்து வாயில் வைத்தால் வரிசையே பார்க்கும். பதறிப்போய், கைக்குக் கிடைத்த பக்கத்தைத் தூக்கி அதை மூடினேன். அது கீழ்ப்பக்கமா மேல்பக்கமா என்று யார் பார்த்தது!

பந்தி எழுந்ததும் நைசாக எடுத்துக்கொள்ளலாம் என்று கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன் சம்பந்தி விடவில்லை. "வாங்க, கை கழுவலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து பார்க்கிறேன், மேசையில் விரித்த பேப்பரோடு சேர்த்து எல்லா இலையையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. கீழ்ப்பல் இல்லாமல் திரும்பி என்ன பேசுவேன்? உன் அண்ணனைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சிரித்தால் உனக்கல்லவா தலைக்குனிவு? பொய் சொல்வானேன், எனக்கும் வெட்கம். அப்புறம் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நாள் ஆக ஆக வெட்கமும் கூடிப்போனது. பல் போனவன் என்று சிரிப்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது பெரிய தப்பு, இருசு. இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அண்ணன்


பெரம்பலூர்
12-4-2025

அன்புள்ள இருசுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் சொன்னதை நீ நம்பவில்லை போலிருக்கிறது. உன்மேல் குற்றமில்லை, எனக்கே நம்புகிற மாதிரி இல்லை.

எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மே ஏழாம் தேதி பல் மாட்டுகிறார்கள். உனக்கு இஷ்டமில்லை என்றால் சங்கடப்படாதே. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு இட்லி தின்று பழகிக்கொள்கிறேன்.

அண்ணன்


ஆண்டிமடம்
27-4-2025

அண்ணே,

முந்திரி சீசன், கொட்டை பொறுக்கவே நேரம் சரியாக இருந்தது என்று எழுதலாம். பொய். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குப் பேனா ஓடவில்லை.

அந்தப் பல்லை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பாத்திரம் எடுக்க மண்டபத்துக்குப் போனேன். பின்பக்கம் இலைக்குவியலில் நாய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் பல் செட். "எவனோ கெழவன், கறிய மென்ன வேகத்துல பல்லையே எலயில வச்சிட்டுப் போயிட்டான்டி!" என்று சத்தம் போட்டேன். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குச்சியால் தள்ளிக் குப்பையோடு விட்டேன்.

அதோடு விட்டேனா? ஆறு வருடமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதைதான். உதட்டை உள்ளே மடித்துப் பொக்கைவாய் வைத்து நடித்துக்கூடக் காட்டுவேன். இந்தத் தை மாதம் ஒரு வளைகாப்பில்கூடச் சொன்னேன். எங்கண்ணன் இலையை அப்படி மடித்துவிட்டானே என்று ஒரு பக்கம் அழுவேன், பல் கதையைச் சொல்லி இன்னொரு பக்கம் சிரிப்பேன். இரண்டும் ஒரே இலை என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவை போனை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். பாவி நான், அண்ணே. என்னை மன்னித்துவிடு.

நீ சொல்லாதே என்றாய், சத்யப்பிரியாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அப்படியே அழுதுவிட்டாள். "மாமாவ வரச் சொல்லும்மா" என்கிறாள். இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். நீ மடித்த இலை அவளை ஒன்றும் செய்துவிடவில்லை.

மே பதினொன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பஸ்ஸுக்கே வந்துவிடு. அதற்குள் ஓட்டல் இட்லியைத் தின்றாய் என்று கேள்விப்பட்டேன், தொலைத்துவிடுவேன். ஆட்டுக்கறியைப் பஞ்சு மாதிரி வேகவைக்கிறேன். பந்தி கிந்தி ஒன்றும் கிடையாது, நம் வீட்டுக் கூடம்தான். எனக்கும் கடைவாயில் நாலு பல் இல்லை, உனக்கு அது தெரியாது. இரண்டு பேரும் மெதுவாகவே தின்னலாம். கழன்று விழுந்தால் விழட்டும், நான் எடுத்துக் கழுவித் தருகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் இலையை உன் பக்கமாக மடி. நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உன் இருசு