அத்தையின் கழுத்துத் தழும்பு

ஆடி 9, வெள்ளி, இரவு

போன வருடம் என் குரல் ஆண்குரல்போலத் தடித்து, மாதவிலக்கும் நின்றபோது, “ஏட்டி, எவங்கூட சுத்துத?” என்று கேட்டவள் அப்பாவின் அக்கா. ஆஸ்பத்திரிக்கு விடாமல் கோயில் புற்றுமண்ணை வயிற்றில் பூச வைத்தவளும் அவள்தான். கேலி தாங்காமல் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

இத்தனைக்கும் காரணமாக என் சூலகத்தில் இருந்த கட்டியை எடுத்த டாக்டரம்மா இன்று சொன்னார்: “இது அபூர்வமான கட்டி. நீ செஞ்ச எதனாலயும் வரல. சில குடும்பங்கள்ல வழிவழியா வரும். யாருக்காவது கழுத்துல தைராய்டு கட்டி இருந்துச்சா?”

சாயங்காலம் அத்தை வந்தாள். குழாயடிப் பெண்கள் கேட்கும்படி, “எங்க வம்சத்துலயே இல்லாத நோவு. என்ன பாவம் செஞ்சாளோ!” என்றாள்.

கேலிக்குப் பயந்து வெளியாள் முன் வாயே திறக்காத நான் அந்தத் தடித்த குரலிலேயே சொன்னேன்.

“அத்தை, ஒங்க கழுத்துல கட்டி அறுத்த தழும்பு இருக்குல்லா? அதத்தான் டாக்டரம்மா கேட்டாவ. நம்ம வம்சத்துலயே இருக்கலாமாம்.”

எல்லாரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து மூடினாள். எனக்கு இன்னும் இனிக்கிறது.

போகும்போது மெதுவாக, “அப்ப என் மீனாவுக்கு?” என்றாள். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அது உண்டா என்று ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும் என டாக்டரம்மா சொன்னதை நான் சொல்லவில்லை.

மீனா பாவம். காலையில் சொல்லிவிடுவேன். இந்த ஒரு ராத்திரி அவள் அம்மா தூங்காமல் கிடக்கட்டும்.